கடலோரம், திராட்சை மலை, ஒரு கார் சாவி

புதுச்சேரியில் பிரான்சுக்குப் போய்வருவது பெரிய செய்தி இல்லை. தெருவுக்குத் தெரு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள் குடும்பம், இருக்கிற ஊர். துலூஸில் மகள், பாரிஸ் புறநகரில் மைத்துனர் என்று யாராவது இருப்பார்கள். விசா, காப்பீடு, அங்கிருப்பவர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) வாங்கி அனுப்ப வேண்டிய அழைப்புச் சான்று எல்லாம் இங்கே பக்கத்து வீட்டுப் பாட்டிக்கே மனப்பாடம், அதனால் அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். என்னை ரொம்ப நாளாக உறுத்துவது, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுக் கணவனும் மனைவியும் மட்டும் ஒரு வாரம் காரில் கடலோரமும் ஒயின் நாடும் சுற்றப் புறப்படுகிறபோது போடுகிற திட்டம். நீஸில் தொடங்கி மர்செய் தொட்டு போர்தோவில் முடியும். ஹோட்டல் ரசீதுகள் தேதிவாரியாக அடுக்கியிருக்கும். நீஸுக்கும் போர்தோவுக்கும் நடுவே 800 கிலோமீட்டர் என்பதை யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், காரை யார் ஓட்டுவது என்ற கேள்வி அந்தத் தாளில் எங்குமே இருக்காது. அவர்தான் ஓட்டுவார், வேறு யார்? ஒயினையும் அவரே ருசிப்பார். அம்மா பக்கத்து இருக்கையில் பாஸ்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னங்க, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்குமே பயணம் பாதிதான் கிடைக்கிறது. ஓட்டுகிறவர் ஒழுங்காகக் குடிக்கவும் முடியாது, குடித்தால் ஒழுங்காக ஓட்டவும் முடியாது. பக்கத்தில் இருப்பவருக்கு ஒயின் கிடங்கில் யாரும் கோப்பையை நீட்டினால்கூட, "நமக்கு எதுக்கு" என்று அவரே தள்ளிவிடுகிறார். ஒயின் நாட்டுச் சுற்றுலாவுக்கு முதல் தீர்மானம் எந்த நாளில் சாவி யார் கையில் என்பதுதான். அதைத் தீர்மானித்துவிட்டால் எத்தனை ஊர், எங்கே தங்குவது, ரயிலா காரா என்பதெல்லாம் தானாக விழுந்துவிடும். இதை வெறும் கொள்கையாகப் பேசிப் பயனில்லை. ஒரு குறிப்பிட்ட கடற்கரையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

கோத் வெர்மெய்: இருபது கிலோமீட்டர் போதும்

பிரான்சின் தென்கோடியில், பிரெனே மலைத்தொடர் மத்தியதரைக் கடலில் இறங்குகிற இடத்தில் கொலியூர், போர்-வாந்த்ர், பன்யூல்ஸ், செர்பேர் என்று நான்கு ஊர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர். செர்பேரைத் தாண்டினால் ஸ்பெயின். இந்த நான்கு ஊர் எல்லைக்குள் விளைகிற திராட்சைக்கு மட்டும்தான் 'பன்யூல்ஸ்', 'கொலியூர்' என்ற பெயர்களைப் போட்டு ஒயின் விற்கலாம். பன்யூல்ஸ் இனிப்பு ஒயினுக்கு அந்த உரிமை 1936-இலேயே வந்துவிட்டது, கொலியூர் சிவப்புக்கு 1971-இல். வேறு பல இடங்களில் ஒயின் நாடு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவே இரண்டு மணி நேர நெடுஞ்சாலை. இங்கே திராட்சைக் கொடியின் காலடியிலேயே கடல். தம்பதியாகக் காரில் போகிறவர்களுக்கு நான் வேறு இடம் சொல்வதில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம். ஓட்ட வேண்டிய தூரம் குறைந்தால் சண்டையும் குறையும்.

மலைச்சரிவு முழுக்க சிலேட்டுப் பலகை போல ஏடு ஏடாகப் பிளக்கிற சிஸ்ட் பாறை. மண் என்று சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பாறையையே உடைத்து, சுண்ணாம்புக் கலவை இல்லாமல் அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாகத் தோட்டம் கட்டியிருக்கிறார்கள். படிகளுக்குக் குறுக்கே சாய்வாக ஓடைகள் வெட்டி, அவை கீழே ஒன்றாகச் சேரும்படி விட்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் சேவல் பாதத்தின் வடிவம் தெரியும், கத்தலான் மொழியில் அதற்குப் பெயரும் அதுவேதான். வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடந்து, இலையுதிர் காலத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழை அங்கேயும் உண்டு. தண்ணீரை வழிமாற்றி விடாவிட்டால் ஒரு மழைக்குச் சுவரும் மண்ணும் கடலுக்குப் போய்விடும். எந்திரம் ஏற முடியாத சரிவு என்பதால் அறுவடை முழுக்கக் கையால். ஒரு ஹெக்டேருக்கு 30 ஹெக்டோலிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி, அதாவது 3,000 லிட்டர், சுமார் 4,000 பாட்டில். வறட்சி ஆண்டுகளில் அதையும் எட்டுவதில்லை. பாட்டில் விலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இந்தச் சுவர்களை ஒரு முறை ஏறிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உடனே பிடிபடுவது. அதுவும் கிழக்குப் பார்த்த கடற்கரை. சூரியன் கடலில் உதித்து மலைக்குப் பின்னால் மறையும். கடலில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று நினைத்து மாலை ஏழு மணிக்கு கேமராவோடு நிற்பது வெளியூர்க்காரர் வேலை. காலையில் எழுந்து நடக்கப் போகிற பழக்கம் உள்ளவர்களுக்கு, கடற்கரையை ஒட்டிய கூபேர் சாலையில் நடப்பவர்களுக்கு என்றே சொல்லலாம், இந்த ஊர்கள் சரியாக இருக்கும்.

தங்க கொலியூரைவிட பன்யூல்ஸ் நல்லது. கொலியூர் அழகுதான். 1905 கோடையில் மத்தீஸும் தெரேனும் அங்கே உட்கார்ந்து வரைந்த நிறங்கள் ஓவிய உலகையே புரட்டிப் போட்டன. கடலுக்குள் கால் வைத்து நிற்கும் மாதா கோயில் மணிக்கூண்டைப் பார்க்காமல் வரக் கூடாது. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் காரை நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விடும். பன்யூல்ஸில் ரயில் நிலையம் இருக்கிறது, ஒயின் கிடங்குகள் நடை தூரத்தில், கடற்கரை ஊர் நடுவிலேயே. பெர்ப்பிஞான் நகரிலிருந்து செர்பேர் வரை போகும் உள்ளூர் ரயில் இந்த நான்கு ஊரிலும் நிற்கும். பன்யூல்ஸில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் கொலியூர். ஆகவே ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து, பெட்டியை ஒரு முறை மட்டும் பிரித்து, ஆறேழு நாள் அங்கேயே இருங்கள். சமையலறை உள்ள வீடாக இருந்தால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் தொல்லை இல்லை. உணவகங்களில் மதியம் 12 முதல் 2 வரை, பிறகு இரவு 7 மணிக்கு மேல்தான் அடுப்பு எரியும். நாலு மணிக்குப் பசித்தால் ரொட்டிக் கடைதான்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். செப்டம்பரில் அறுவடையும் பார்க்கலாம். டிரமொன்தான் என்கிற வடமேற்குக் காற்று மட்டும் எந்த மாதத்திலும் வரும். வானம் தெளிவாக, வெயில் பளிச்சென்று இருக்கும், காற்று ஆளைத் தள்ளும். சில நாளில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த நாளில் கார்க் கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும், விட்டால் கதவு கீலோடு திரும்பிவிடும். வாடகைக் கார்க் காப்பீடு பல நேரம் இந்தச் சேதத்தை ஏற்காது.

இரண்டு பெயர், இரண்டு லைசென்ஸ்

சாவியை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டுமானால் இரண்டு பேர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு கைகழுவிவிடும். கூடுதல் ஓட்டுநருக்கு நாள் கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. வாழ்க்கைத் துணைக்கு அதைத் தள்ளுபடி செய்கிற நிறுவனங்களும் இருப்பதால் புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கார் எடுக்கிற அன்று இரண்டு பேரும் அசல் லைசென்ஸோடு கவுன்டரில் நிற்க வேண்டும்.

நம் ஊரில் ஆக்டிவா ஓட்டாத பெண்ணைப் பார்ப்பது அரிது. அவர்களில் எத்தனையோ பேரிடம் கார் லைசென்ஸும் இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து பர்ஸில் தூங்குகிறது. புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே அதை எழுப்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இ.சி.ஆரில் கடலூர் வரை போய்த் திரும்புவது, பிறகு திண்டிவனம் சாலை, பிறகு ஒரு முறை மலைப்பாதை. மயிலம் மேடு மலைப்பாதைக் கணக்கில் வராது, ஏலகிரிக்குப் போங்கள். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஏறி இறங்கிப் பழகியவருக்கு பன்யூல்ஸ் மலையில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை.

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வேண்டும். பரிவாஹன் தளத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், கூடவே பாஸ்போர்ட் நகல். ஓராண்டு செல்லும், லைசென்ஸ் அதற்குமுன் காலாவதியானால் அதுவரைதான். பெர்மிட் என்பது லைசென்ஸின் மொழிபெயர்ப்புதான், அசல் அட்டை இல்லாமல் தனியாக அதற்கு மதிப்பில்லை. கார் பிணைத்தொகையை ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல கவுன்டர்களில் தொட மாட்டார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் கியர் வண்டிதான் வரும். வலது கையால் கியர் போடுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது இண்டிகேட்டர். மாருதி, ஹூண்டாய் ஓட்டியவர்களுக்கு இண்டிகேட்டர் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஆடும். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஆட்டியபடி வருகிற காரைப் பார்த்தாலே உள்ளூர்க்காரர் சற்று விலகிக் கொடுப்பார், அது ஒருவகையில் நல்லதுதான்.

ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்கு வழி. அது இடப்பக்கத்திலிருந்து வரும். நம் இந்திரா காந்தி சிலையருகே ஹாரனும் துணிச்சலும் தீர்மானிப்பதை அங்கே ஒரு கோடு தீர்மானிக்கும், கோட்டில் நின்றே ஆக வேண்டும். ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. சின்னச் சந்து என்பதால் அவர் நிற்பார் என்று நினைத்தால் அவர் நிற்க மாட்டார். நடுவில் பிரிப்பு இல்லாத ஊர்ப்புறச் சாலைகளில் பொதுவாக 80 தான் வரம்பு, ஊருக்குள் 50. சுங்கச்சாவடியில் ஆரஞ்சு நிற 'டி' (t) எழுத்து மட்டும் போட்ட வழிக்குள் நுழையக் கூடாது, அது சுங்கத்தைத் தானாகப் பிடிக்கும் கருவி ஒட்டிய வண்டிகளுக்கு. பெட்ரோல் பங்கில் 'கஸோல்' என்று எழுதியிருப்பது டீசல். கேஸலின் என்று படித்து பெட்ரோல் காரில் டீசல் ஊற்றியவர்கள் உண்டு. பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் 'ஈ' (E) எழுத்து, டீசலுக்குச் சதுரத்துக்குள் 'பி' (B) எழுத்து என்று பார்த்து, கார் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பதோடு ஒப்பிட்டுவிட்டு ஊற்றுங்கள்.

போர்-வாந்த்ருக்குத் தெற்கே டி914 சாலை கடலை ஒட்டி வளைந்து வளைந்து செர்பேர் வரை போகிறது. இந்தச் சாலைக்கு ஒரு சூத்திரம் உண்டு. தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம். நாம் வலப்பக்கம் ஓட்டுவதால் மலையோரமாகப் போவோம், பள்ளம் எதிர்த்தடத்துக்கு அப்பால். திரும்பி வடக்கே வரும்போது கடல் நம் பக்கம். ஓட்டுகிறவருக்குக் கை பழகாத காலையில் தெற்கே போய், கை பழகிய பிற்பகலில் வடக்கே வரலாம். அப்போது வெயில் மலைப்பக்கத்திலிருந்து விழுந்து கடல் நீலம் எடுத்துக் காட்டும். பார்வை மேடைகளில் எதிர்வண்டியைக் கடக்காமல் வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்தலாம். வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஜன்னலோரமே கடல். மலைமேல் மதலோக் கோபுரத்தை ஒட்டிப் போகும் டி86 இன்னும் அழகு, இன்னும் குறுகல், பல இடங்களில் தடுப்புச் சுவரே கிடையாது. ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு, இறங்குகிற வண்டி முதலில் நிற்க வேண்டும். காற்று நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் மலைப்பகுதிகளை மூடிவிடுவார்கள், காலையில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். 2023 ஏப்ரலில், கோடைக்கு வெகு முன்பே, செர்பேர் மலையில் பெரிய தீ பிடித்தது. மழை பொய்த்த அந்த வட்டாரத்தில் இதை லேசாக எடுக்க முடியாது.

கிடங்கு மேசையில்

இனி விஷயத்துக்கு வருவோம். ஒயின் ருசிக்கிற மேசையில் நாலைந்து கோப்பை வரிசையாக வரும். கேட்டால் "கொஞ்சம்தான்" என்பார்கள். அந்தக் கொஞ்சத்தை அளந்து பார்க்கலாம். ஒரு ஊற்று சுமார் 4 சென்டிலிட்டர், அதாவது 40 மில்லி. ஆறு வகை ருசித்தால் 240 மில்லி. பன்யூல்ஸ் ஒயினின் ஆல்கஹால் அளவு 15-16 சதவீதம். அப்படியானால் உள்ளே போகிற தூய ஆல்கஹால் கிட்டத்தட்ட 29 கிராம். பிரான்சில் ஒரு 'கோப்பை' என்று கணக்கிடுவது 10 கிராம், ஒவ்வொன்றும் ரத்தத்தில் சராசரியாக லிட்டருக்கு 0.20 முதல் 0.25 கிராம் ஏற்றும். மூன்று கோப்பைக்கு 0.6-க்குக் குறையாது. சட்ட வரம்பு 0.5 கிராம். ஒல்லியான உடம்பு, வெறும் வயிறு, பெண் என்றால் இதே அளவு 0.9 தாண்டவும் வாய்ப்புண்டு. ஏறிய ஆல்கஹாலைக் கல்லீரல் மணிக்கு 0.10-0.15 கிராம்தான் கரைக்கும். காபி, எலுமிச்சை, கடற்காற்று எதுவும் அதை வேகப்படுத்தாது. காலை பதினொரு மணிக்கு 'ருசி மட்டும்' பார்த்தவர் மாலை நாலு மணிக்கும் சுத்தமாக இல்லாமல் போகலாம்.

நம் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 0.3 கிராம். பிரான்சில் 0.5 என்றதும் "அங்கே தாராளம்" என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. அந்தத் தாராளம் ஆறு ஊற்றில் முடிந்துவிடுகிறது. லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டு ஆகாத புது ஓட்டுநருக்கு அங்கே 0.2 தான், ஒரு கோப்பையிலேயே போய்விடும். 0.5 தொட்டால் 135 யூரோ அபராதம், 0.8 தொட்டால் அது குற்ற வழக்கு. விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் பேசுகிற பேச்சே வேறு.

பன்யூல்ஸில் சிக்கல் கூடுதலாவது ருசியால். புளிப்பும் துவர்ப்பும் உள்ள சாதாரணச் சிவப்பு ஒயினை நம் நாக்கு தானாகவே நிறுத்திவிடும். பன்யூல்ஸ் இனிக்கும். கிரெனாஷ் திராட்சை நொதித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் 96 சதவீத ஆல்கஹாலை அளந்து ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்து நொதிப்பு நின்றுவிடும். ஆல்கஹாலாக மாறாமல் மிச்சமிருந்த இனிப்பு அப்படியே தங்கும். 13-ஆம் நூற்றாண்டில் மோன்பெலியேவில் இருந்த அர்னோ த வில்நெவ் என்ற மருத்துவர் பெயரோடு இந்த முறையைச் சேர்த்துச் சொல்வார்கள். உலர்திராட்சை, அத்தி, கொக்கோ, காபி வாசனை எல்லாம் கலந்து வரும். ஒயினே பிடிக்காது என்கிறவர்களுக்கும் பிடித்துவிடும். "ஜூஸ் மாதிரிதானே இருக்கு" என்று இரண்டாவது ஊற்றுக்குக் கோப்பையை நீட்டுவது அப்போதுதான். இன்சுலினோ, சர்க்கரைக்கு மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த இடத்தில் இரு மடங்கு கவனிக்க வேண்டும். இனிப்பு உடனே ஏற்றும், ஆல்கஹால் சில மணி நேரம் கழித்து இறக்கும். சாப்பிட்டுவிட்டுப் போவதும், மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுக்கொள்வதும்தான் வழி.

மேசை ஓரத்தில் ஒரு பாத்திரம் இருக்கும். உலோகத்தில் வாளி மாதிரியோ, மண் ஜாடி மாதிரியோ, வாய் அகன்று. நம்மவர்கள் அதைத் தண்ணீர் ஜாடி என்றோ, பூ வைக்கிற ஜாடி என்றோ நினைத்துத் தள்ளி வைப்பார்கள். அது துப்புவதற்கு. ஒயின் நாட்டில் தொழில்முறையில் ருசிப்பவர் யாரும் விழுங்குவதில்லை, ஒரு காலையில் முப்பது நாற்பது வகை பார்க்கிறவர் விழுங்கினால் பத்தாவதிலேயே சாய்ந்துவிடுவார். சாவி யார் கையில் என்ற சிக்கலுக்கு உண்மையான விடுதலை அந்தப் பாத்திரம்தான். ஆனால் நமக்கு அங்கேதான் கை கட்டிப் போகிறது. எச்சில் விஷயம். ஒருவர் வீட்டில், அவர் கண் முன்னால், அவர் தந்ததை வாயில் வைத்துவிட்டுத் துப்புவதா? அதைவிட அவமானம் வேறில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மாமியார் கையில் வாங்கிய பாயசத்தைப் பிடிக்காவிட்டாலும் விழுங்கியவர்கள்தானே நாம். அதனால் மரியாதைக்காக ஆறையும் விழுங்கிவிட்டு, மரியாதைக்காகவே காரில் ஏறி ஸ்டீயரிங் பிடிக்கிறோம். அந்தப் பக்கம் நிற்கிற தோட்டக்காரருக்கோ இது நேர் எதிர். துப்புகிறவரைப் பார்த்தால் இவருக்கு விஷயம் தெரியும் என்று நிமிர்ந்து, கீழே வைத்திருக்கிற நல்ல பாட்டிலை எடுத்துத் திறப்பார். மடமடவென்று குடிக்கிறவருக்கு அடுத்த பாட்டில் வராது.

அதற்கும் பயிற்சி வேண்டும். சமையலறைத் தொட்டியில் தண்ணீரை வைத்துப் பழகிக்கொள்ளலாம், வீட்டில் இருவரும் சிரித்துக்கொண்டே செய்வீர்கள். கோப்பையைத் தண்டில் பிடியுங்கள். பத்துப் பதினைந்து மில்லிக்கு மேல் வாயில் எடுக்காதீர்கள். நாக்கின் இரு ஓரமும் படும்படி உருட்டி, உதட்டை லேசாகத் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள், வாசனை மூக்கின் பின்பக்கமாக ஏறும். ஐந்தாறு விநாடி போதும். பிறகு விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, கன்னத்தை உள்ளே இறுக்கி, பாத்திரத்தின் உள்சுவரைப் பார்த்து ஒரே கோடாக விடுங்கள். கன்னத்தைத் தளர்த்தினால் தாடையில் வழியும், வெள்ளைச் சட்டை அன்று வேண்டாம். கோப்பையில் மீதி இருப்பதையும் அதிலேயே கொட்டலாம், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். துப்பினாலும் வாய்த்தோல் வழியாகவும் அறியாமல் விழுங்குவதிலும் கொஞ்சம் உள்ளே போகும். சாவிக்காரர் ஆறேழு வகையோடு நிறுத்தி, தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் கழித்தே வண்டியை எடுப்பது நல்லது. துப்பிய கையோடு ஊதினால் வாயில் தங்கிய ஆவியே கருவியில் காட்டும்.

வரிசையும் உண்டு. வெள்ளை, ரோஸே, கொலியூர் சிவப்பு, கடைசியில்தான் பன்யூல்ஸ். இனிப்பை முதலில் வைத்தால் பிறகு வருவதெல்லாம் புளிக்கும். பெரிய கூட்டுறவுக் கிடங்குகளில் சுற்றிக் காட்டிவிட்டு ருசிக்கத் தருவார்கள். தனித் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். 12 முதல் 2 வரை கதவு சாத்தியிருக்கும். ருசிக்கக் காசு வாங்காத சிறு இடத்தில் ஒரு பாட்டிலாவது வாங்குவது வழக்கம்.

நாள் பங்கீடு இப்படி வைத்துக்கொள்ளலாம். பன்யூல்ஸ் கிடங்குகளுக்கு நடந்தே போகிற நாளில் சாவி வீட்டிலேயே இருக்கட்டும், இருவரும் விழுங்கலாம். கொலியூருக்கு ரயில். அங்கே உப்பில் ஊறிய நெத்திலியைக் கட்டாயம் பாருங்கள். நம் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட உறவு, சற்றுப் பெரிது. தலையும் குடலும் நீக்கி, கல்லுப்போடு அடுக்கடுக்காகத் தொட்டியில் போட்டு, மேலே பாரம் வைத்து மாதக்கணக்கில் விடுவார்கள். சதை பழுப்புச் சிவப்பாக மாறியதும் கழுவி, பெண்கள் கையாலேயே முள்ளெடுத்துப் பிரிப்பார்கள். கடலூர் துறைமுகத்தில் வெயிலில் காய்கிற நெத்திலியின் வாடை இதில் வராது. உப்பில் போட்டதை வாங்கினால் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுத் தின்னுங்கள், இல்லாவிட்டால் நாக்கு பொத்துவிடும். மீதி நாட்களில் டி914, டி86, எல்லை தாண்டி ஸ்பெயின் என்று கார் ஓடுகிறபோது ஒரு நாள் அவர், ஒரு நாள் இவர். ஓட்டுகிறவருக்கு அன்று பாத்திரம். முந்தின நாளே முடிவு செய்ய வேண்டும், கிடங்கு வாசலில் நின்று முடிவு செய்தால் யார் விட்டுக்கொடுப்பார் என்று நமக்குத் தெரியும்.

பெட்டியில் எதை வைப்பது

இந்தியா திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர் மதுவுக்குச் சுங்கவரி இல்லை. 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு, அரை லிட்டர் பாட்டில் ஒன்று, கணக்கு சரியாகப் போகும். பன்யூல்ஸ் அரை லிட்டர் பாட்டிலிலும் கிடைக்கும். தம்பதியாகப் போனால் இது இரண்டு மடங்கு. இருவர் பெட்டியிலும் பிரித்து வையுங்கள், ஒருவர் பெட்டியில் நாலு லிட்டர் இருந்தால் அவர் கணக்கில்தான் எழுதுவார்கள். கைப்பையில் வேண்டாம். பாட்டிலை பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஜீன்ஸ் காலுக்குள் நுழைத்து, பெட்டியின் நடுவில் படுக்கவைத்து, சுவரோரம் துணி கொடுங்கள். கடை ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது என்பதில் நம் ஊர் வெயில்தான் நீதிபதி. கொலியூர் சிவப்பையோ வெள்ளையையோ ஆசைப்பட்டு வாங்கி, மே மாதத்தில் புதுச்சேரி வீட்டு அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் வெந்த பழ ருசிக்குப் போய்விடும். பன்யூல்ஸிலும் இரண்டு ரகம். 'ரிமாஜ்' என்று எழுதியிருப்பது காற்றுப் படாமல் இளமையாகப் பாட்டிலில் அடைத்தது. பழ வாசனை தூக்கலாக இருக்கும், திறந்தால் சீக்கிரம் தீர்க்க வேண்டும், குளிர்ச்சியிலேயே வைக்க வேண்டும். மற்றது காற்றுப் படவிட்டு ஆண்டுக்கணக்கில் முதிரவிட்டது. அதில் ஒரு வகையைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, திறந்தவெளியில், வெயிலும் பனியும் படும்படி வரிசையாக வைத்திருப்பார்கள். கிடங்கு முற்றத்தில் நீங்களே பார்க்கலாம். 'கிரான் க்ரு' என்றால் கிரெனாஷ் முக்கால் பங்குக்குக் குறையாமல், மரப்பீப்பாயில் குறைந்தது 30 மாதம் கிடந்தது. வெயிலும் காற்றும் ஏற்கெனவே பார்த்துவிட்ட இந்த ரகம் விமானப் பயணத்தையும் நம் ஊர்ச் சூட்டையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். திறந்த பிறகு தக்கையை அழுத்தி ஃபிரிட்ஜ் கதவில் நிறுத்திவைத்தால் வாரக்கணக்கில் ருசி மாறாமல் இருக்கும். பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள், 15 டிகிரி சூட்டில் நன்றாக இருக்கும். கருப்புச் சாக்லேட்டோடு தருவது அவர்கள் வழக்கம். நம் வீட்டில் கடலை உருண்டையோடும் பொருந்துகிறது.